கூண்டுப் பாலத்தில் வெட்டிய பேர்

வெள்ளைத்தாய்க்கு அவள் அக்காமேல் பொறாமை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "எனக்கென்ன பொறாமை? அவ தலையெழுத்து அவளுக்கு, எந் தலையெழுத்து எனக்கு" என்பாள். சொல்லிவிட்டு, அன்றைக்குப் பாத்திரம் விளக்கும்போது புளியோடு சாம்பலை ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போட்டுத் தேய்ப்பாள். நாற்பது வருசமாகத் தேய்க்கிறாள். பித்தளைச் செம்பின் கழுத்தில் வெட்டியிருந்த பேர் மட்டும் அழிய மாட்டேன் என்கிறது.

அது அவள் பேர் இல்லை. அக்கா பேர்.

அவர்கள் பிறந்த வீடு மல்லாங்கிணற்றுப் பக்கம். மூத்தவள் கனகலட்சுமிக்குக் கல்யாணப் பேச்சு வந்தவுடனே அய்யா அருப்புக்கோட்டைக்குப் போய்க் குடம், செம்பு, சருவம், அண்டா என்று சீர்ப் பாத்திரமெல்லாம் பித்தளையில் வாங்கிவிட்டார். கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் ஒருவர் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் பேர் முடிகிற இடத்தில் பூப் போட்டால் இவர் ஒரு மீன் போடுவார், வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற சின்ன மீன். 'அ. கனகலட்சுமி' என்று புள்ளி புள்ளியாக வெட்டி, பக்கத்தில் மீனையும் வெட்டி, ஒரு சாக்கு நிறையக் கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளை வீடு காரியாபட்டியில் ரைஸ் மில் வைத்திருந்தது. பரிசம் போட வந்த மாமியார்க்காரி குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப எவ வீட்டுல பித்தளை பொழங்குறாக? எவர்சில்வரா குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டாள். அய்யா ஒரு வண்டி மிளகாயை விற்று எவர்சில்வர் வாங்கிக் கொடுத்தார். பித்தளை பரணுக்குப் போனது.

எட்டு மாசம் கழித்து வெள்ளைத்தாய்க்கு ஒரு ரயில்வே கேங்மேனைப் பார்த்தார்கள். பரணிலிருந்து சாக்கு இறங்கியது. "அக்கா பேரு போட்டதையா எனக்குக் குடுக்குறீக?" என்று அவள் அழுதாள். "பேருல என்னடி இருக்கு, சோறு வேகாதா?" என்றாள் அம்மா.

சோறு வெந்தது. அதற்கெல்லாம் குறைச்சல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் அக்காவின் பேரைத் தொட்டுத்தான் தண்ணீர் மொள்ள வேண்டியிருந்தது. பேர்தான் வெள்ளைத்தாய், நிறம் கரிசல். வெளுப்பெல்லாம் கனகலட்சுமிக்குப் போய்விட்டது. மாடி வீடு அவளுக்கு, மில் அவளுக்கு, காதில் கல் வைத்த தோடு அவளுக்கு. அவள் வருகிற நாளில் வெள்ளைத்தாய் பித்தளைச் சாமானை எல்லாம் உள்ளே கொண்டுபோய்ச் சாக்கைப் போட்டு மூடிவிடுவாள். அக்காவுக்கு எவர்சில்வர் டம்ளரில்தான் தண்ணீர். இரவல் சீரில் குடும்பம் நடத்துகிறாள் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. புருசன் ஒருத்தனாவது தனக்கென்றே வந்தவன் என்று வெள்ளைத்தாய்க்கு ஒரு தெம்பு இருந்தது. அந்தத் தெம்பில்தான் மற்றதையெல்லாம் பொறுத்தாள்.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் திருச்சுழிக்குப் பக்கத்தில் குண்டாற்றங்கரையில் இருக்கிறது. ஆறு என்றால் வருசத்தில் பத்து நாள் ஆறு. மிச்ச நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலும்தான். அந்த ஆற்றுக்கு மேல் ஏழு கண் வைத்து ஒரு இரும்பு ரயில் பாலம். பக்கவாட்டிலும் தலைக்கு மேலேயும் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டியிருந்ததால் ஊரில் அதற்குக் கூண்டுப் பாலம் என்று பேர். அவள் புருசன் இருளப்பசாமி முப்பத்தைந்து வருசம் வேலை பார்த்தது அதன்மேல்தான். ஊமையில்லை என்று காட்டுவதற்கு மட்டும் பேசுகிற மனுசன். பாலத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் மட்டும் வாய் அடங்காது.

"இந்தப் பாலம் இங்க பெறந்தது இல்ல" என்று ஆரம்பிப்பார். "வெள்ளைக்காரன் காலத்துல வடக்க ஏதோ பெரிய ஆத்துக்குன்னு செஞ்சது. அங்க இதைவிடப் பெருசா ஒன்னு கட்டவும், இதைக் கழட்டி, ஒவ்வொரு சட்டத்துலயும் நம்பர் குத்தி, கூட்ஸு வண்டியில ஏத்திக் கொண்டாந்து நம்ம ஆத்துல பூட்டுனாக. எங்கய்யா அப்ப ரிவிட்டு ஆணி காச்சுற கூலிக்குப் போனாரு. கீழ கொல்லு உலை. ரிவிட்டு பழுத்ததும் கிடுக்கியில புடிச்சு மேல எறிவாராம். மேல நிக்கிறவன் தகரச் சட்டியில ஏந்திக்குவானாம். ஒன்னு தவறுனா கீழ நிக்கிறவன் தலை. ஒன்னுகூடத் தவறலையாம்."

ஒரு ஐப்பசியில் ஆறு இரு கரையும் தொட்டு வந்தபோது ஊரே பாலத்தில் ஏறி நின்று வெள்ளம் பார்த்ததாம். மதியப் பாசஞ்சர் பாலத்துக்கு முன்னால் நின்று கூவியும் ஒருத்தரும் இறங்கவில்லையாம். டிரைவரே இறங்கி வந்து கூட்டத்தோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாராம். இதை எத்தனை தடவை சொன்னாலும் இருளப்பசாமிக்கு முகம் மலரும்.

மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தபோது பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டிவிட்டார்கள். பழையது வேலையில்லாமல் பல வருசம் நின்றது. தேன்கூடு கட்டியது, மயில் அடைந்தது, வெயிலுக்கு ஆடுகள் அதன் நிழலில் படுத்தன. இருளப்பசாமியும் வேலையை விட்டு ஓய்ந்தபின் தினம் சாயங்காலம் ஆட்டைப் பத்திக்கொண்டு அங்கேதான் போவார். இந்த வருசம் மாசியில் பாலத்தை ஏலத்துக்கு விட்டார்கள். அருப்புக்கோட்டை இரும்பு வியாபாரி முகம்மது ரபீக் எடுத்தார். கிரேன் வந்து ஒவ்வொரு கண்ணாகத் தூக்கி மணலில் இறக்கியது. கேஸ் கட்டிங்காரர்கள் வெட்ட ஆரம்பித்தார்கள். முதல் கண்ணை இறக்கிய அன்றைக்கு இருளப்பசாமி ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை.

"எழவு வீடா இது?" என்று வெள்ளைத்தாய் கேலி பண்ணினாள். "இரும்பு போகுதுன்னு எவனாச்சும் பட்டினி கெடப்பானா? நான் போனா இப்படிக் கெடப்பீகளா?"

அப்போது அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

பங்குனி முதல் வாரம். களத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத்தாய் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சோடை வற்றலைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் காந்தல். மருமகள் ஜோதிகா செல்லைப் பார்த்துக்கொண்டே கஞ்சித் தூக்கோடு வந்தாள்.

"அத்தை, இங்க பாருங்களேன். ரபீக் பாய் ஆளு ஒருத்தரு ஊரு குரூப்புல போட்டோ போட்டுருக்காரு. பாலத்துல யாரோ பொம்பளப் பேரை வெட்டி வச்சிருக்காகளாம். யாரு, என்னன்னு ஒரே கிண்டலாக் கெடக்கு."

"எவளாம்?"

"கனகலட்சுமின்னு போட்டுருக்கு. நம்ம ஊருல அப்படி யாரும் இருக்காகளா என்ன?" ஜோதிகாவுக்கு அக்கா வெறும் பெரியத்தைதான், பித்தளைப் பக்கமும் அவள் போனதில்லை.

வெள்ளைத்தாய் காந்துகிற கையோடு செல்லை வாங்கினாள். துருவும் வெள்ளிப் பெயிண்டுமாக ஒரு இரும்புத் தகடு. அதில் புள்ளி புள்ளியாக 'அ. கனகலட்சுமி'. கடைசியில் பழைய பெயிண்ட் பொருக்காக அப்பிக்கிடந்தது. தகப்பன் பேரின் முதல் எழுத்துவரைக்கும் சரியாக இருக்கிறது. இந்த ஊரில் அந்தப் பேரை அந்த எழுத்தோடு தெரிந்தவன் ஒரே ஒருத்தன்தான். அந்தப் பாலத்தில் உளியும் சுத்தியலுமாகத் திரிந்தவனும் அவன்தான்.

"எங்க இருந்துச்சாம் இது?"

"ரயிலு வரும்போது கேங்மேன் ஒதுங்கி நிக்கிறதுக்குச் சின்னதா ஒரு மேடை இருக்குமாம்ல? அதுக்குப் பின்னாடியாம். ஆளு கண்ணுல படாத எடமாம்." ஜோதிகா சொல்லிவிட்டு மாமியார் முகத்தைப் பார்த்தாள். "அத்தை, கண்ணுல கைய வச்சுறாதீக, மொளகாக் கை."

அவள் வைக்கவில்லை. கண் அதுவாகவே எரிந்தது.

சாயங்காலம் இருளப்பசாமி ஆட்டுக்குக் கருவேல நெற்றுப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். சாக்கை இறக்குவதற்கு முன்னாலேயே அவள் செல்லை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது யாரு வெட்டுனது?"

அவர் செல்லை வாங்கி எட்ட வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நாந்தான்" என்றார்.

"எங்கக்கா பேரை எதுக்கு வெட்டுனீக?"

"மதினிக்கு வெட்டுனது இல்ல வெள்ளை. உனக்குத்தான் வெட்டுனேன்."

"எம் பேரு எனக்குத் தெரியாதா?"

"அப்ப எனக்குத் தெரியாதுல்ல."

சாக்கை இறக்கி வைத்துவிட்டு அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். நாற்பது வருசத்தில் பாலத்தைப் பற்றியில்லாமல் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"எங்காத்தா உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. எங் கல்யாணத்தப் பாத்துட்டுத்தான் கண்ண மூடுவேன்னுருச்சு. புதங்கெழம பேசி வெள்ளிக்கெழம தாலி. பத்திரிகை அடிச்சோமா, ஒன்னா? எங்க மாமந்தான் வந்து பொண்ணு பாத்தாரு. ஒங்க வீட்டுல எல்லாரும் ஒன்னைய வெள்ளை வெள்ளைன்னாக. வீட்டுல கூப்புடுற பேரு போலன்னு இருந்தேன். நம்ம ஊருல யாருக்குத்தான் ரெண்டு பேரு இல்ல? சீர்ல வந்த ஏனம் பூராவும் கனகலட்சுமின்னு போட்டுருந்துச்சு. சரி, இதுதான் பள்ளிக்கூடத்துப் பேரு போலன்னு நெனச்சேன். சீர்ச் செம்புல பொண்ணு பேரைத்தான போடுவாக?"

"எங்கக்கா பேரு தெரியாதாக்கும் உங்களுக்கு?"

"ஒங்கய்யாவும் ஆத்தாவும் பெரியவ பெரியவன்னாக. நான் மதினின்னேன். பேரு எதுக்கு எனக்கு?"

"பெறகு எப்பத்தான் தெரிஞ்சுச்சு?"

"ரேசன் கார்டு எழுத வந்தாகல்ல, அன்னைக்கு. நீ வாசல்ல நின்னு வெள்ளைத்தாய்னு சொன்னே. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. அதுக்குள்ள பாலத்துல வெட்டி ஆறு மாசம் ஆச்சு. இரும்புல வெட்டுனத என்னத்தப் போட்டு அழிக்க?"

"ஏன் அப்பவே எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்பே, இல்ல சண்டைக்கு வருவே. ரெண்டுல எதுன்னு எனக்கு நிதானம் படல."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே அவள் நம்பவில்லை. நாற்பது வருசம் வாய் திறக்காத மனுசனுக்கு இன்றைக்கு மட்டும் எங்கிருந்து இத்தனை கோர்வையாகப் பேச்சு வந்தது?

"நல்லாத்தான் கதை கட்டுறீக" என்றாள். "நாலு வருசத்துக்கு ஒருக்க பாலத்துக்குப் பெயிண்டு அடிக்கப் போவீகளே, பழசைச் சொரண்டிட்டு, செவப்பு அடிச்சு, அதுக்கு மேல வெள்ளி அடிப்பீகளே. அந்தப் பேரையும் சொரண்டித்தான அடிச்சிருப்பீக? நாலு வருசத்துக்கு ஒருக்க அவளைக் குளிப்பாட்டி, மஞ்சப் பூசி, புதுச்சேலை கட்டி வச்சிருக்கீக. எனக்கு ஒரு தீவாளிக்காச்சும் நீங்களாக் கடைக்குப் போயி ஒரு சேலை எடுத்துக் குடுத்துருக்கீகளா?"

அவர் எழுந்து ஆட்டுக்கு நெற்றைக் கொட்டப் போனார்.

பிறகு மூன்று நாள் குதிரைவாலிச் சோறு குழைந்தது, கருவாட்டுக் குழம்பில் உப்பு இல்லை. இருளப்பசாமி எல்லாவற்றையும் தின்றார். அவளோ வற்றல் களத்தில் உட்கார்ந்து பழசையெல்லாம் கிளறினாள். அக்கா வந்தால் இந்த மனுசன் ஆளில்லாத பனையைத் தேடிப் போய் நுங்கு வெட்டி வருவார். அக்கா புருசன் செத்தபோது இரண்டு நாள் காரியாபட்டியிலேயே கிடந்தார். அக்கா வீட்டு மில்லில் தகரக் கொட்டகை சரிந்தபோது கூலியில்லாமல் போய்ப் பூட்டிக் கொடுத்தார். அப்போதெல்லாம் 'எம் புருசனுக்கு எங்க வீட்டாளுகமேல எம்புட்டுப் பிரியம்' என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள். அந்தப் பெருமையை நினைத்து இப்போது தலையிலடித்துக்கொண்டாள். அந்த ஆற்றின்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. அதற்கு வந்த பாலமும் தன் பித்தளையைப் போலத்தான், வேறொருத்திக்கு என்று செய்த சீர்.

நாலாம் நாள் கனகலட்சுமியே போன் பண்ணினாள்.

"ஏண்டி வெள்ளை, பாலத்துல என்னமோ பேரு இருக்காம்ல? எம் பேத்தி காமிச்சா. நாளைக்குக் காலைல பஸ்ஸு ஏறி வாரேண்டி. வெட்டிக் கொண்டு போறதுக்குள்ள ஒருக்கா கண்ணால பாத்துட்டுப் போயிருறேன்."

குரலில் அப்படி ஒரு குழைவு. புருசன் போய் ஆறு வருசமாக அவள் போன் பண்ணினால் மூட்டு வலி, மகன் பேசவில்லை, மருமகள் மதிக்கவில்லை என்பதுதான் பேச்சு. அன்றைக்கு ஒரு வலியும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வெள்ளைத்தாய், "வா" என்று ஒரே சொல்லோடு வைத்துவிட்டாள்.

பத்து மணி பஸ்ஸில் இறங்கினாள் கனகலட்சுமி. வெங்காயச் சருகு நிறத்தில் நல்ல சேலை. அறுபத்திரண்டு வயசிலும் நிறம் குறையவில்லை. வெயில் பட்டதும் முகம் சிவந்தது. வெள்ளைத்தாய் தன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இருளப்பசாமி மதினி வருகிறாள் என்று தெரிந்ததுமே ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வேறு திசையில் போய்விட்டார். முகத்துக்கு முகம் பார்க்கப் பயம், குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அக்காவும் தங்கையும் வண்டிப்பாதை வழியாக ஆற்றுக்குள் இறங்கினார்கள். மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. ஏழு கண்ணில் நாலு காணோம். வெறும் தூண்கள்தான் நின்றன. கேஸ் கட்டர் சீறிக்கொண்டிருந்தது. முகம்மது ரபீக் ஒரு லாரி நிழலில் நின்று இரும்பை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"வாங்கம்மா. கேங்மேன் அய்யா வீட்டம்மாதான நீங்க? அந்தப் பேரைப் பாக்கணுமா? அத வெட்டாம தனியாத்தான் போட்டு வச்சிருக்கோம். யாருன்னு தெரியாம வெட்ட மனசு வரல."

"இவதான்" என்று வெள்ளைத்தாய் அக்காவைக் காட்டினாள்.

ரபீக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு தள்ளிப் போய்விட்டார்.

ஆள் உயரத்துக்கு இருந்த அந்தத் துண்டு மணலில் சாய்ந்து கிடந்தது. கனகலட்சுமி குனிந்து பேரைத் தொட்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். சட்டென்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்க வீட்டு எவர்சில்வர்ல பூராவும் எங்க மாமனார் பேரத்தாண்டி வெட்டுனாக. மில்லுல அவரு பேரு. அவரு போனப்பெறகு இவுக பேரு. இப்ப மகன் பேரு. வீட்டு வாசக்கல்லுல மருமக பேருகூட ஏறிருச்சு. எனக்குன்னு எங்கயாச்சும் எம் பேரு இருக்கான்னு தேடிப் பாத்தா, ரேசன் கார்டுல இருக்கு. அதோட சரி."

வெள்ளைத்தாய் அக்காவைப் பார்த்தாள். மில்லுக்காரி என்று தான் இத்தனை வருசம் வயிறெரிந்த அக்காவுக்கு இப்படி ஒரு குறையா? கையை நீட்டி அக்காவின் முதுகைத் தொடப் போனாள். அதற்குள் கனகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

"எனக்கு அப்பவே ஒரு இதுதாண்டி. உங் கழுத்துல தாலி கட்டும்போதுகூட அவுக பார்வை எம் பக்கந்தான் இருந்துச்சு. நாந்தான் தங்கச்சி வாழ்க்கையாச்சேன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."

நீட்டிய கையை வெள்ளைத்தாய் மடக்கிக்கொண்டாள்.

"கடைசில என்னமோ இருக்கு பாரு, மறைச்சுக்கிட்டு" என்றாள் கனகலட்சுமி. கட்டிங்காரர்கள் போட்டுவிட்டுப் போன கம்பி பிரஷ் ஒன்று மணலில் கிடந்தது. அதை எடுத்து நல்ல சேலை அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் பெயிண்ட் பொருக்கைத் தேய்த்தாள். வெள்ளி உதிர்ந்தது. அதற்கடியில் செவப்பு. அதுவும் உதிர்ந்தது.

"இதென்னடி இது, மீனா? ஆமாடி, மீனுதான்! எனக்கு அயிரைமீனுன்னா உசுருன்னு அவுகளுக்கு யாரு சொன்னா?"

வெள்ளைத்தாய் குனிந்து பார்த்தாள். வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணுக்கு ஒரு புள்ளி, செதிலுக்கு மூன்று வளைவு. நாற்பது வருசமாகச் செம்பின் கழுத்தில் அவள் கட்டை விரல் படுகிற இடத்தில் இருக்கிற அதே மீன். தடவினால் இருட்டிலும் தெரியும்.

கல்யாணமான புதுசில் இருளப்பசாமி வேலைக்குப் போகும்போது அந்தச் செம்பைத்தான் கேட்டு வாங்கிப் போவார். ரயில்வேயில் கொடுத்த தகரக் கேன் சும்மாவே தொங்கும். "செம்புத் தண்ணிதான் ருசி" என்பார். ஒருநாள் செம்பு வயிற்றில் பெரிய சொட்டையோடு வந்தது. சீர்ப் பாத்திரத்தை நசுக்கிவிட்டீர்களே என்று அன்றைக்கு அவள் ஆடித் தீர்த்தாள். "சுத்தியல் கை தவறிருச்சு" என்று மட்டும் சொன்னார். தண்ணீர் குடிக்கிற செம்புக்கும் சுத்தியலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் அப்போது கேட்கவில்லை. மூன்றாங் கிளாஸ் படித்த மனுசன். பார்க்காமல் எழுத வராது. செம்பை எதிரே வைத்துக்கொண்டு, ரயில் வராத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார். பெண்டாட்டி பேரோடு அந்த மீனும் சேர்த்திதான் என்று நினைத்து அதையும் விடாமல் வெட்டியிருக்கிறார். கோட்டி பிடித்த மனுசன்.

அக்கா கொண்டுபோன எவர்சில்வர் சீரில் மீன் கிடையாது. அந்த மீன் வந்தது வெள்ளைத்தாய் வீட்டுக்குத்தான்.

சந்தோசம் ஒரு பக்கம் பொங்கியது. இன்னொரு பக்கம், 'இப்பச் சொல்றேன் பாரு' என்று நாக்கு துடித்தது. பார்வை எம் பக்கந்தான் இருந்ததாம். சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை போதும், இந்தச் சிரிப்பு சுருண்டுவிடும். ஆனால் ரபீக் அதற்குள் வந்துவிட்டார்.

"அம்மா, வேணும்னா அந்தப் பேரு இருக்க எடத்த மட்டும் வெட்டித் தரச் சொல்லட்டா? இருவது கிலோ வரும். வீட்டுல வச்சுக்கங்க."

"குடுங்க பாய்" என்றாள் கனகலட்சுமி, அவசர அவசரமாக. "பஸ்ஸுல ஏத்துவானா?"

"வேண்டாம் பாய்" என்றாள் வெள்ளைத்தாய். "லாரியிலயே போகட்டும். இரும்பத் தூக்கிட்டு இந்த வயசுல இவ எங்க போவா?"

கனகலட்சுமிக்கு முகம் வாடிவிட்டது. வழியெல்லாம் திரும்பித் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'பொறாமைக்காரி, எம் பேரு இருக்கப் பிடிக்கலை' என்று அவள் நினைக்கிறாள் என்பது வெள்ளைத்தாய்க்குத் தெரியாமல் இல்லை. நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கனகலட்சுமி வேப்பமரத்து நிழலில் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். இருளப்பசாமி ஆட்டோடு அப்போதுதான் திரும்பியிருந்தார். மதினியைப் பார்த்ததும் "வாங்க மதினி" என்று சொல்லிவிட்டு, பட்டி ஓரத்தில் நின்றுகொண்டு அவிழ்ந்து கிடந்த கயிற்றையே அவிழ்க்கப் பார்த்தார்.

"தொண்டை காஞ்சு போச்சு. தண்ணி கொண்டாடி."

வெள்ளைத்தாய் உள்ளே போனாள். அடுக்கில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதை எடுக்கவில்லை. மூலையில் காலையிலேயே சாக்கைப் போட்டு மூடியிருந்த பித்தளைச் செம்பை எடுத்தாள். ஒரு கொட்டைப் புளியை வைத்துக் கழுத்தை நன்றாகத் தேய்த்தாள். தங்கம் மாதிரி வந்தது. மண்பானைத் தண்ணீரை நிறைய மொண்டு, சொட்டை விழுந்த பக்கம் தன் உள்ளங்கையில் அடங்க, பேர் அக்காவைப் பார்க்கும்படி இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னடி, பித்தளையெல்லாம் இன்னுமா வச்சிருக்க?" என்று வாங்கினாள் கனகலட்சுமி. அண்ணாந்து குடிக்கப் போனவள் நிறுத்தினாள். செம்பைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். பேரைப் பார்த்தாள். விரலை நகர்த்தி மீனைத் தொட்டாள். அப்புறம் மெல்ல நிமிர்ந்து பட்டி ஓரத்தில் நின்ற இருளப்பசாமியைப் பார்த்தாள். அவர் பார்வை இவள் பக்கம் இல்லை. செம்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற வெள்ளைத்தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகலட்சுமி தண்ணீரைக் குடித்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் மெதுவாகக் குடித்தாள். குடித்து முடித்தும் செம்பைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஆடு ஒன்று கனைத்தது. ஆற்றுப் பக்கமிருந்து லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"எனக்குன்னு அய்யா வாங்குனது இது" என்றாள். கட்டை விரல் மீனைத் தடவிக்கொண்டிருந்தது. "எம் பேருதான போட்டுருக்கு. இத நான் கொண்டு போகட்டாடி?"

இதே செம்பை எத்தனை நாள் இவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் எறிந்துவிட்டு வரலாம் என்று வெள்ளைத்தாய் நினைத்திருப்பாள்! அவள் குனிந்து, அக்காவின் விரல்களை நோகாமல் ஒவ்வொன்றாக விலக்கி, செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இல்லக்கா" என்றாள். "அது எம் பேரு."